பளபளப்புக்குக் கீழே

பேரங்காடியின் தரையில் விளக்கொளி பிரதிபலிக்கிறது. மருத்துவமனையின் நடைபாதை கறையின்றி மின்னுகிறது. தொழிற்சாலைக் கிடங்கில் பச்சை அல்லது சாம்பல் நிறம் பூசிய தரைமீது பாரந்தூக்கி வண்டிகள் நாள்தோறும் ஓடுகின்றன. இத்தகைய தரைகளைக் காண்போர் பூச்சின் அழகையே பாராட்டுவர். ஆனால், ஒரு தரை எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதைப் பூச்சு மட்டும் தீர்மானிப்பதில்லை. பூசுவதற்கு முன் அத்தரையை எவ்வாறு தயார் செய்தார்கள் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

ஜொகூர் பாரு நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள ஸ்கூடாய், இத்தகைய தரைகள் நிறைந்த ஊர். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இங்குதான் உள்ளது. 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இஸ்கண்டார் மலேசியா வட்டாரத்திற்குள்ளும் இவ்வூர் அடங்கும். தொழிற்சாலைகள், பொருள் கிடங்குகள், வாகனப் பட்டறைகள், கடைவீடுகள் எனக் கான்கிரீட் தரை இல்லாத கட்டடமே இங்கு இல்லை எனலாம். ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் ஊர் என்பதால், தரை வேலையில் இங்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

தரையைத் தயார் செய்வோர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மூன்றினை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. முதலாவது, கான்கிரீட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். இரண்டாவது, அதனுள் மறைந்திருக்கும் ஈரம். மூன்றாவது, தரையை அரைக்கும்போது காற்றில் கலக்கும் நுண்தூசி. முதல் இரண்டும் தரையைக் கெடுப்பவை. மூன்றாவதோ, அத்தரையில் உழைப்பவரின் உயிருக்கே ஊறு விளைவிப்பது.

மேலே படியும் பால் படலம்

சிமெண்டு, மணல், சரளைக்கல், நீர் ஆகியவற்றின் கலவையே கான்கிரீட். தமிழில் இதனைக் கற்காரை என்றும் கூறுவர். கலவையில் உள்ள சிமெண்டு நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. இந்த வினைக்குத் தேவையானதைவிட அதிக நீர் கலந்திருந்தால், மிஞ்சிய நீர் மெல்ல மேலே எழும். அவ்வாறு எழும்போது சிமெண்டுத் துகளையும் நுண்மணலையும் உடன் கொண்டுவரும். நீர் ஆவியான பின்னர், அத்துகள்கள் தரையின் மேற்பரப்பில் வெண்ணிறப் படலமாகப் படிந்துவிடும். இதனை ஆங்கிலத்தில் 'லேட்டன்ஸ்' என்பர். பிரெஞ்சு மொழியில் 'லே' என்றால் பால். பாலாடைபோல் மேலே படிவதால் இப்பெயர் வந்தது.

பார்வைக்கு இப்படலம் உறுதியான தரை போலவே தோன்றும். ஓர் ஆணியால் கீறிப் பார்த்தால் மாவாக உதிரும். இதன்மீது எவ்வளவு விலையுயர்ந்த சாயத்தைப் பூசினாலும் பயனில்லை. சாயம் படலத்தை நன்றாகவே பற்றிக்கொள்ளும்; ஆனால், படலம் கான்கிரீட்டைப் பற்றிக்கொள்வதில்லை. சில மாதங்களில் பாரந்தூக்கி வண்டியின் சக்கரம் திரும்பும் இடத்தில் பூச்சு உரியத் தொடங்கும். உரிந்த துண்டின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். குறை பூச்சில் இல்லை, அதன் அடியில்தான் இருந்தது என்பதற்கு அத்தூளே சான்று.

தீபாவளிக்கு முன் வீட்டுச் சுவருக்குச் சாயம் பூசுவோர் முதலில் உரிந்த பழைய சாயத்தைச் சுரண்டி எடுப்பர். பிறகு, உப்புத்தாளால் தேய்ப்பர். துணியால் துடைத்த பின்னரே தூரிகையைக் கையில் எடுப்பர். தரையை அரைப்பதும் அதே வேலைதான். சுவருக்கு உப்புத்தாள் போதும். கான்கிரீட்டுக்கு வைரம் வேண்டும்.

வைரம் உரசும் வேலை

கனிமங்களின் கடினத்தை அளக்க 'மோஸ்' எனும் அளவுகோல் பயன்படுகிறது. அதில் வைரம் 10ஆம் நிலையில் உள்ளது. மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸ் எனும் கனிமம் 7ஆம் நிலையில் உள்ளது. எனவே, மணலும் கல்லும் நிறைந்த கான்கிரீட்டை அரைக்க வைரத் துகள்கள் ஏற்றவை. தொழிற்சாலைகளில் செயற்கையாக உருவாக்கப்படும் இத்துகள்களை உலோகத் துண்டுகளில் பதித்து, அத்துண்டுகளை அரவை இயந்திரத்தின் வட்டத் தகடுகளில் பொருத்துவர். தகடுகள் சுழலும்போது தரையின் மேற்பரப்பு சிறிது சிறிதாக அரைபடும்.

வைரத் துகளின் பருமனை எண்ணால் குறிப்பர். எண் சிறியதாக இருந்தால் துகள் பெரியது. எண் பெரியதாக இருந்தால் துகள் நுண்ணியது. 16, 30 போன்ற எண்கள் முரட்டுத்தனமாகச் சுரண்டுவதற்கு உரியவை. 400, 800, 1500, 3000 போன்றவை மெருகேற்றுவதற்கு உரியவை.

இத்தொழிலில் புதியவர்களை வியக்க வைக்கும் உண்மை ஒன்று உண்டு. கடினமான தரைக்கு மென்மையான உலோகத்தில் பதித்த வைரத்தையும், மென்மையான தரைக்குக் கடினமான உலோகத்தில் பதித்த வைரத்தையும் பயன்படுத்த வேண்டும். கேட்பதற்கு இது தலைகீழாகத் தோன்றலாம். இதன் காரணத்தை அறிய அம்மியை நினைத்துப் பார்த்தால் போதும். நாள்பட அரைத்த அம்மி வழவழப்பாகிவிடும்; மிளகாயும் மல்லியும் அதில் சரியாக அரைபடா. அதனால்தான் அம்மியை அவ்வப்போது கொத்துவார்கள். வைரத் துண்டும் அவ்வாறே மழுங்கும். அதைச் சுற்றியுள்ள உலோகம் தேய்ந்தால்தான் உள்ளிருக்கும் புதிய வைரம் வெளியே தலைகாட்டும். மென்மையான தரையிலிருந்து வரும் கரடுமுரடான தூள் உலோகத்தை வேகமாகத் தேய்த்துவிடும். ஆகவே, அங்குக் கடினமான உலோகம் வேண்டும். கடினமான தரையிலிருந்து வரும் தூள் மிக நுண்ணியது; அது உலோகத்தை எளிதில் தேய்ப்பதில்லை. ஆகவே, அங்குத் தானாகவே தேய்ந்து கொடுக்கும் மென்மையான உலோகம் வேண்டும். தேர்ந்த தொழிலாளர் முதலில் தரையைக் கீறிப் பார்த்து அதன் கடினத்தை அறிந்துகொள்வர். அதன் பின்னரே இயந்திரத்தில் எதைப் பொருத்துவது என முடிவு செய்வர்.

இயந்திரம் எட்டாத சுவரோரங்களைக் கை இயந்திரத்தால் அரைக்க வேண்டும். விரிசல்களைச் சுத்தம் செய்து நிரப்ப வேண்டும். வாகனப் பட்டறைகளில் தரைக்குள் ஊறியிருக்கும் எண்ணெயை முன்னரே கரைத்து நீக்க வேண்டும். எண்ணெய் படிந்த இடத்தை அரைத்தால் மட்டும் போதாது. உள்ளே எஞ்சியிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே கசிந்து பூச்சைத் தள்ளிவிடும்.

பூச்சா, மெருகா?

அரைத்த தரையை இருவகையில் முடிக்கலாம். ஒன்று, அதன்மீது பூச்சு இடுதல். மற்றொன்று, அத்தரையையே மெருகேற்றுதல். இவ்விரண்டுக்கும் தேவைப்படும் மேற்பரப்பு வெவ்வேறானது.

எப்போக்சி போன்ற பூச்சுக்குப் பிடிமானம் வேண்டும். ஆகவே, தரை ஓரளவு சொரசொரப்பாக இருக்க வேண்டும். பன்னாட்டுக் கான்கிரீட் பழுதுபார்ப்புக் கழகம் இந்தச் சொரசொரப்பை 1 முதல் 10 வரை தரம் பிரித்துள்ளது. ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு மாதிரித் தகடு உண்டு. அதைத் தரையின்மீது வைத்துக் கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மெல்லிய பூச்சுக்குக் குறைந்த தரம் போதும். பூச்சின் கனம் கூடக் கூட, சொரசொரப்பும் கூட வேண்டும். எளிய சோதனை ஒன்றும் உண்டு. அரைத்த தரையில் சில நீர்த்துளிகளை விட்டுப் பார்க்க வேண்டும். துளி விரைவாக உள்ளே உறிஞ்சப்பட்டால் கான்கிரீட்டின் நுண்துளைகள் திறந்துள்ளன எனலாம். துளி முத்துப்போல் உருண்டு நின்றால், படலமோ எண்ணெயோ இன்னும் எஞ்சியுள்ளது என்பது பொருள்.

மெருகேற்றும் முறையில் பூச்சே கிடையாது. முரட்டு வைரத்தில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய வைரத்திற்குச் செல்ல வேண்டும். முந்தைய படியின் கீறல்களை அடுத்த படி அழிக்கிறது. இடையில் சிலிகேட் கரைசலைத் தெளிப்பர். அது கான்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து, நுண்துளைகளை நிரப்பி, மேற்பரப்பை உறுதியாக்குகிறது. இறுதியில் தோன்றும் பளபளப்பு தரையின் சொந்தப் பளபளப்பு; அதனால் அது சாயத்தைப்போல் உரிந்துபோவதில்லை. அவசரத்தால் இடையில் ஒரு படியைத் தாண்டினால், முந்தைய கீறல்கள் அப்படியே நின்றுவிடும். விளக்கைப் போட்டதும் அவை காட்டிக்கொடுத்துவிடும்.

தரைக்கு மெருகேற்றும் கலை தமிழருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஆத்தங்குடியில் கைவினைஞர்கள் கண்ணாடியின்மீது வண்ணக் கலவையை ஊற்றித் தரை ஓடுகளைச் செய்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே ஓட்டுக்கு வந்துவிடுவதால், அதை அரைக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு வீடுகளிலும் மலேசியாவின் பழைய கடைவீடுகளிலும் காணப்படும் மொசைக் தரையோ வேறு வகையைச் சேர்ந்தது. சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைக் கலந்து இட்டு, இறுகிய பின்னர் சாணைக்கல் பொருத்திய இயந்திரத்தால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது நீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால், தூசி பறக்காமல் சேறாக வழிந்துவிடும்.

கீழிருந்து வரும் ஈரம்

மெருகேற்றிய தரை ஓரளவு 'மூச்சுவிடும்'. எப்போக்சி பூசிய தரையோ மூடியிட்ட பானையைப் போன்றது. மண்ணில் உள்ள ஈரம் ஆவியாகிக் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும். வெளியேற வழியில்லாதபோது அது பூச்சைக் கீழிருந்து தள்ளும். தரையில் கொப்புளங்கள் தோன்றும். கொப்புளம் உடைந்த இடத்தில் பூச்சு உரியும்.

புதிய கான்கிரீட்டைப் பொதுவாக 28 நாள்களாவது விட்டுவைக்க வேண்டும் என்பர். எனினும், நாள்கணக்கை மட்டும் நம்புவது போதாது. மழை மிகுந்த ஸ்கூடாய் போன்ற ஊரில் காய்வதற்கு மேலும் காலம் பிடிக்கலாம். ஆகவே, அளந்து பார்ப்பதே நல்லது. சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட நெகிழித் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் கழித்துத் தாளைத் தூக்கிப் பார்த்தால், அடியில் நீர்த்துளிகளோ தரையில் கருமையோ தெரிந்தால் ஈரம் உள்ளது என அறியலாம். இன்னும் துல்லியமாக அறிய, தரையின் கனத்தில் 40 விழுக்காடு ஆழத்திற்குத் துளையிட்டு, உள்ளே ஈரப்பத உணரியை வைத்து அளப்பர்.

காற்றின் ஈரத்தையும் மறத்தலாகாது. காற்றில் உள்ள நீராவி நீராக மாறித் தரையில் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பர். பூச்சு இடும்போது தரையின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. காற்றின் வெப்பநிலை 30 பாகையாகவும் ஈரப்பதம் 80 விழுக்காடாகவும் இருந்தால், பனிநிலை ஏறக்குறைய 26 பாகை. அப்படியானால், தரை 29 பாகைக்குக் குறையக்கூடாது. இரவெல்லாம் குளிர்ந்த கிடங்கின் தரை காலையில் 27 அல்லது 28 பாகையில் இருக்கலாம். அப்போது அத்தரை கைக்குக் காய்ந்ததாகவே தோன்றும். இருப்பினும், பூச்சு வேலையைத் தொடங்காமல் சற்றுக் காத்திருப்பதே அறிவுடைமை.

காற்றில் மிதக்கும் ஆபத்து

படலத்தையும் ஈரத்தையும் கவனிக்கத் தவறினால், செலவு செய்து தரையை மீண்டும் அரைக்கலாம். மூன்றாவதான தூசியைக் கவனிக்கத் தவறினால், அதற்குத் திருத்தமே இல்லை.

கான்கிரீட்டில் உள்ள மணலிலும் கல்லிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. உலர்ந்த தரையை வேகமாகச் சுழலும் வைரத்தால் அரைக்கும்போது, அது மிக நுண்ணிய தூசியாகக் காற்றில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே நுரையீரலின் அடி வரை சென்று தங்குகின்றன. உடல் அவற்றைக் கரைக்க முடியாமல் திணறுகிறது. அவற்றைச் சுற்றி வடுக்கள் உருவாகின்றன. நுரையீரல் விரியும் தன்மையை இழக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ் எனும் நோய். இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. பெரும்பாலும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே மூச்சுத் திணறல் தொடங்குவதால், வேலை செய்யும் காலத்தில் தொழிலாளி தாம் நலமாக இருப்பதாகவே எண்ணுவார். இந்நோய் கண்டவரைக் காசநோய் எளிதில் தாக்கும். படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது.

இந்த ஆபத்தை உலகுக்கு உணர்த்திய துயர நிகழ்வு ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஹாக்ஸ் நெஸ்ட் எனும் இடத்தில், நீர்மின் திட்டத்திற்காக மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கத் தொடங்கினர். பாறையில் சிலிக்கா மிகுந்திருந்தது. வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதால், தூசியை அடக்க நீரைப் பயன்படுத்தாமல் உலர்நிலையிலேயே துளையிட்டனர். பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்களே அங்கு உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நூற்றுக்கணக்கானோர் சிலிக்கோசிஸ் நோயால் மாண்டனர். சில மாதங்கள் மட்டுமே வேலை செய்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

எவ்வளவு தூசி ஆபத்தானது? அமெரிக்கா 2016ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராம் படிகச் சிலிக்காவுக்கு மேல் இருத்தலாகாது. இந்த அளவைக் கற்பனை செய்வதும் கடினம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை ஏறக்குறைய 4 கிராம். அதே எடையுள்ள சிலிக்காத் தூசி, 200 கன மீட்டர் கொள்ளளவு கொண்ட 400 வகுப்பறைகளின் காற்றில் சமமாகப் பரவினாலே இந்த வரம்பை எட்டிவிடும்.

தூசியை அடக்கும் வழிகள்

தூசி பிறக்கும் இடத்திலேயே அதை அடக்குவதுதான் முதன்மையான வழி. அரவை இயந்திரத்தைச் சுற்றித் தடுப்புறை பொருத்தி, அதனோடு ஆற்றல்மிக்க தூசி உறிஞ்சியை இணைக்க வேண்டும். உறிஞ்சியில் ஹெப்பா வடிகட்டி இருத்தல் அவசியம். சாதாரண உறிஞ்சி பெரிய துகளைப் பிடித்துக்கொண்டு, நுண்தூசியை மறுபுறம் வெளியே ஊதிவிடும். மற்றொரு வழி, மொசைக் தரை தேய்த்தோர் செய்ததைப்போல் நீரைப் பயன்படுத்துவதாகும். அப்போது உண்டாகும் சேறு காரத்தன்மை மிக்கது. அதனைச் சாக்கடையில் விட்டால் ஆற்றைச் சென்றடையும். ஜொகூர் நீரிணையில் கலக்கும் ஸ்கூடாய் ஆற்றுக்கு அது தீங்கு விளைவிக்கும். ஆகவே, சேற்றை அள்ளி முறையாக அகற்ற வேண்டும்.

வேலை முடிந்த பின்னர்த் துடைப்பத்தால் உலரப் பெருக்குவது, படிந்த தூசியை மீண்டும் கிளப்பிவிடுவதற்கு ஒப்பாகும். தூசி படிந்த உடையோடு வீடு திரும்பினால், தூசியும் உடன் வந்து சேரும். துணியாலான முகக்கவரி நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 அல்லது அதனினும் மேலான சுவாசக் கவசமே உதவும். அதுவும் மற்ற வழிகளோடு சேர்த்து அணிய வேண்டியதே தவிர, அவற்றுக்கு மாற்று அன்று.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரின் நலத்தைக் காக்கும் பொறுப்பை முதலாளிமீது சுமத்தியுள்ளது. 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத்தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளருக்கு உண்டு. இவ்வுரிமையை உள்நாட்டுத் தொழிலாளரும் வெளிநாட்டிலிருந்து வந்து உழைப்போரும் அறிந்திருத்தல் நன்று.

சுவரும் சித்திரமும்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்' என்பது பழமொழி. இது தரை வேலைக்கு இருவகையில் பொருந்துகிறது. பூச்சு எனும் சித்திரத்திற்குக் கான்கிரீட்டே சுவர். அதை நன்கு அரைத்து, அளந்து, காயவிட்ட பின்னரே சித்திரம் நிலைக்கும். இப்பழமொழியில் நம் முன்னோர் 'சுவர்' எனக் குறித்தது உடலை. உடல் நலமாக இருந்தால்தான் உழைப்பும் சாதனையும் கைகூடும்.

இன்று திவெட் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் பலர் கட்டுமானத் துறையில் கால் பதிக்கின்றனர். தரையைத் தயார் செய்வது அறிவியலும் பொறுமையும் வேண்டும் ஒரு கைத்திறன். அதைக் கற்போர் இயந்திரத்தை இயக்கும் முறையோடு, தம் மூச்சைக் காத்துக்கொள்ளும் முறையையும் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு தரையின் பளபளப்புக்காக ஒருவரின் நுரையீரல் விலையாகக் கூடாது.

சிந்தித்து விடையளித்திடுக

1. கான்கிரீட்டின் மேல் பால் படலம் எவ்வாறு உருவாகிறது?

2. கடினமான தரைக்கு மென்மையான உலோகத்தில் பதித்த வைரம் ஏன் பயன்படுத்தப்படுகிறது? அம்மியோடு ஒப்பிட்டு விளக்குக.

3. பனிநிலை 25 பாகை செல்சியஸாக இருக்கும் நாளில், பூச்சு இடுவதற்குத் தரையின் வெப்பநிலை குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்?

4. மொசைக் தரையைத் தேய்த்தோர் நீரை ஊற்றியதால் விளைந்த நன்மை யாது? அம்முறையை இன்று பின்பற்றுவோர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

5. 'வேலையை விரைவாக முடிப்பதே திறமை.' இக்கூற்றை நீ ஏற்கிறாயா? ஹாக்ஸ் நெஸ்ட் நிகழ்வைச் சான்றாகக் கொண்டு உன் கருத்தை எழுதுக.

6. உன் பள்ளியிலோ வீட்டருகிலோ உள்ள ஒரு கான்கிரீட் தரையில், ஆசிரியர் அல்லது பெற்றோர் அனுமதியோடு நீர்த்துளிச் சோதனையைச் செய்து பார்த்து, கண்டறிந்தவற்றை ஒரு பத்தியில் எழுதுக.